பவுடர் பூசிய இன்ஜின்

எண்பதுகளின் பெங்களூரில் டூரிஸ்ட் டாக்சி என்றால் அம்பாசடர்தான். அப்பாவுடையதும் அதுதான், வெள்ளை வண்டி. வில்சன் கார்டனில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சிமெண்ட் முற்றத்தில் ராத்திரி வந்து நிற்கும். திருப்பதி, மைசூர், ஊட்டி என்று எந்தச் சவாரி போய்வந்தாலும், மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பார். இரண்டு சொட்டு கிடந்தால் பேசாமல் போய்விடுவார். அம்பாசடர் அவ்வளவு கசியத்தான் செய்யும்.

அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி, கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் வடிவமைப்பும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான், எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடியதும் அதே குடும்பத்து இன்ஜின். அதன் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேலேயே சுருள் மரை வெட்டியிருக்கும். சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றுவிட்டால் தள்ளுவதும் நின்றுவிடும். அப்படிக் கசிவது கிளட்ச் பக்கம் தேங்கக் கூடாது என்று அதன் கூட்டின் அடியில் ஓர் ஓட்டை வைத்து, அது அடைபடாமலிருக்க ஒரு ஸ்பிளிட் பின்னையும் தொங்கவிட்டிருப்பார்கள். கசியும் என்று தெரிந்தே செய்த இன்ஜின்.

ஆனால் ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் கிடந்தது சொட்டு இல்லை, குட்டை. முதல் நாள்தான் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் ஆயில் மாற்றி, ஃபில்டரும் மாற்றி வந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா போட்ட கோலத்தின் ஓரம்வரை எண்ணெய் ஓடியிருந்தது. அப்பா விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். தேன் நிறம், புது ஆயில். கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். மட்டம் நன்றாக இறங்கியிருந்தது.

முற்றத்தில் ஆளுக்கொரு யோசனை. பின்வீட்டு டிரைவர் மாமா படுத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி போயிடுச்சுண்ணே, ஸ்பிளிட் பின்லதான் ஊத்துது. இன்ஜினை எறக்கணும்" என்றார். பூஜை சீசனில் இன்ஜினை இறக்கினால் அந்த மாதச் சவாரி அத்தனையும் போச்சு. அம்மாவின் முகம் வாடியது. இன்னொருவர் ஆயிலை வடிக்கும் சேம்பர் போல்ட்டை இன்னும் முறுக்கச் சொன்னார். அப்பா ஸ்பானரைத் தரவில்லை. அளவுக்கு மேல் முறுக்கினால் சேம்பரின் மரை போய்விடும். அப்புறம் ஒழுகல் நிரந்தரமாகிவிடும்.

ஆயிலை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து, என்னையும் ஏற்றிக்கொண்டு ஜே.சி. ரோட்டுக்கு விட்டார். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை இரண்டு பக்கமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். வாசலில் போய் நின்றதுமே "யாவ காடி?" என்பார்கள். வண்டியின் பெயரைச் சொன்னால் கன்னடமோ தமிழோ உருதோ, நம் வாயில் வரும் பாஷையிலேயே விலை சொல்வார்கள். அந்த ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் மேஸ்திரியின் ஷெட்.

பின்பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்று அப்பா சொன்னதும் மேஸ்திரி கேட்டார்: "நேத்து ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி இப்படி இருந்துச்சா டிரைவர்?"

"இல்லை மேஸ்திரி."

"அப்போ நேத்து கை வெச்ச எடத்தை மொதல்ல பாக்கலாம்."

ஆனால் உடனே பார்க்கவில்லை. மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்து, இன்ஜினின் பக்கவாட்டு, சேம்பர், கிளட்ச் கூட்டின் அடி எல்லாவற்றையும் கழுவினார். பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். காயவிட்டார். என் மனதில் இன்றும் நிற்பது அந்தக் காத்திருப்புதான். கழுவுவதற்கு யாரும் கூலி தருவதில்லை. பல பட்டறைகளில் கழுவாமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

காய்ந்ததும், அப்பா எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குட்டிக்கூரா பவுடரை மேஸ்திரி உள்ளங்கையில் தட்டி, ஊதி ஊதி இன்ஜின் முழுக்கப் படியவைத்தார். கறுத்த இரும்பெல்லாம் வெளுத்தது. டார்ச் என் கையில். "பாப்பா, எண்ணெய் கீழதான் போகும், காத்து அதைப் பின்னாடி தள்ளும். சொட்டுற எடத்தைப் பாக்காதே. ஈரத்துல எது ஒசரமோ, எது முன்னாடியோ, அங்க பாரு" என்றார்.

ஸ்டார்ட் செய்தார்கள். சும்மா ஓடும்போது ஒன்றுமில்லை. சேம்பர் போல்ட்டைச் சுற்றிப் பவுடர் உலர்ந்தே இருந்தது. அப்பாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். ஸ்டீயரிங் பக்கம் தொங்கும் ஃபில்டர் கிண்ணத்தின் மேல்விளிம்பில், வெள்ளையில் ஊசி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தோன்றியது. பார்க்கப் பார்க்க அகலமாகி, கிண்ணத்தில் வழிந்து சேம்பர் விளிம்புக்கு இறங்கி, பின்பக்கமாக ஊர்ந்து ஸ்பிளிட் பின் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்வீட்டு மாமா பார்த்தது அந்தக் கோட்டின் கடைசி நுனியை.

நடுபோல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கினார். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். புது வளையம் கையோடு வந்தது. மேஸ்திரி டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, குத்தூசியால் பள்ளத்தைக் கீறினார். இரும்போடு இரும்பாகத் தெரிந்த ஏதோ ஒன்று பெயர்ந்து, உடைந்த கறுப்பு வளையல் துண்டுகள் மாதிரி விழுந்தது. அதுதான் பழைய வளையம். சூட்டில் இறுகி அங்கேயே ஒட்டியிருந்திருக்கிறது. அதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இன்ஜின் வேகமெடுத்து 50 பவுண்டு அளவுக்கு ஆயில் அழுத்தம் ஏறும்போது, சரியாகப் பதியாத வளையம் எப்படித் தாங்கும்?

கழற்றியதோடு கழற்றியதாகச் சேம்பர் போல்ட்டின் செம்பு வாஷரையும் எடுத்து, புளோ லாம்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எஃகை அப்படிச் செய்தால் கெட்டியாகும். செம்பு இளகும், மறுபடி நன்றாகப் பதியும். பள்ளத்தைத் துடைத்துப் புது வளையம் வைத்து மூடினார். அடுகோடி, மடிவாளா தாண்டி ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். விளிம்பில் மறுபடி தூவிய பவுடர் அப்படியே இருந்தது.

இன்று ஆயிலோடு ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கடித்துக் கசிவைத் தேடுகிறார்கள். அதற்கும் முதலில் இன்ஜினைக் கழுவ வேண்டும். திருகி மாட்டும் இந்தக் காலத்து ஃபில்டரிலும் பழைய ரப்பர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதிது ஏறிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா ஆயில் மாற்ற எங்கே போனாலும், ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது வளையத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். பட்டறைப் பையனிடம் அதைக் கொடுப்பதற்கு முன் கையை நீட்டுவார். "பழசை மொதல்ல இதுல வைப்பா. அப்புறம்தான் புதுசு."