பெட்டிக்குள் இருக்கும் காற்று

 

கொஞ்சம் நீளமான பதிவு. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும், பதினோராம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு தம்பி கற்பிட்டிப் பக்கம் ஃபைபர் படகு திருத்துகிறான். இரவில் ஒரு பைலா குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். தேவாலயத் திருநாள், கல்யாண வீடு என்று அழைப்பு வரும். ஆனால் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி கிடையாது. வாடகைக்கு எடுத்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐ எட்டிய பிறகு, புதுப் பெட்டியின் விலையைக் கேட்பதையே அவன் விட்டுவிட்டான். கடைசியில் என்னிடம் வந்தான். "சேர், பலகையில நானே அடிக்கிறன். கணக்க மட்டும் பாத்துத் தாங்க."

பைலா எங்கள் மாவட்டத்துக்கு அந்நியமானதல்ல. சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் சிரட்டை, கரண்டி, போத்தல் கொண்டு இன்றும் மாஞ்சா பாடுகிறார்கள். பைலாவின் வேர்களில் ஒன்று அவர்களுடைய முன்னோரின் இசை. அந்த ஆறுக்கு எட்டுத் தாளத்தை நாடெங்கும் கொண்டுபோன வொலி பஸ்தியன்ஸ் ஒரு பொலிஸ்காரர். இன்றைய பைலா குழுவில் ஆடுகிறவர்களின் காலைப் பிடித்து இழுப்பது பேஸ்தான். பேஸ் மெலிந்தால் கூட்டம் கதிரையில் உட்கார்ந்துவிடும். அடுத்த முறை அந்தக் குழுவுக்கு அழைப்பும் வராது.

சரி, பெட்டி எதற்கு?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீற்றருக்கும் அதிகம். இவ்வளவு நீண்ட அலைக்கு 12 இஞ்சி ஸ்பீக்கர் ஒரு தடையே அல்ல. முன் அலையும் பின் அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி அதைத் தடுக்கிறது. அதில் சரியான அளவில் ஒரு குழாய் வைத்தால், பின்னால் வீணாகும் சக்தியும் முன்பக்கச் சத்தத்தோடு சேரும். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் "பூம்" என்று வருமே, அதே விதிதான். உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்; குழாயில் நிற்கும் காற்று அதில் தொங்கும் நிறை. பெட்டி பெருத்தால் சுருதி இறங்கும். குழாய் நீண்டாலும் இறங்கும். குழாய் அகன்றால் ஏறும்.

இதற்கு முறையான கணக்கைக் கொடுத்தவர் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல். அவருடைய கட்டுரை 1961 இல் வந்தது. 1970களில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்களுக்கு இவர்கள் இருவரின் பெயர்தான். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்க வேண்டாம். கார் சப்வூஃபரும் வேண்டாம். பேஸ் கிட்டார் ஸ்பீக்கரை விட அது 10 டெசிபல் பின்தங்கினால், அதே சத்தத்துக்குப் பத்து மடங்கு வோட்ஸ் கொடுக்க வேண்டிவரும்.

தம்பியின் ஸ்பீக்கருக்கு 80 லீற்றர் பெட்டி, 45 ஹேர்ட்ஸ் சுருதி என்று கணக்கு வந்தது. உள்ளளவு அகலம் 40, உயரம் 50, ஆழம் 44 சென்ரிமீற்றர். அது 88 லீற்றர். ஸ்பீக்கரும் குழாய்களும் குறுக்குச் சட்டமும் எட்டு லீற்றர் அளவு பிடித்துக்கொள்ளும். நாலு இஞ்சி பி.வி.சி. பைப் ஒன்று போட்டால் ஏழெட்டு சென்ரிமீற்றர் நீளம் போதும். ஆனால் பலமாக வாசிக்கும்போது ஒற்றைக் குழாயில் காற்று "புஸ்" என்று இரையும். இரண்டு போட்டால் ஒவ்வொன்றும் 22, 23 சென்ரிமீற்றர் வர வேண்டும். இது அவனுடைய ஸ்பீக்கருக்கான கணக்கு. உங்களுடையதற்கு அப்படியே எடுக்காதீர்கள்.

பலகை விஷயத்தில் அவன்தான் எனக்கு வாத்தியார். எங்கள் உப்புக் காற்றில் சிப்போர்ட் ஒரு மாரியில் ஊதிவிடும் என்று சொல்லி 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் எடுத்தான். ஸ்க்ரூ ஆணி எல்லாம் துருப்பிடிக்காத ரகம். உள்மூலைகளைப் படகு ஒட்டுவது போல ரெசினும் ஃபைபர் நாரும் வைத்து அடைத்தான். ஒழுக்கு இருந்தால் பேஸ் குறைந்துவிடும். ஒழுக்கு அடைப்பது அவனுடைய அன்றாடத் தொழில்.

குழாயை முதலில் 25 சென்ரிமீற்றராக வெட்டி, பசை பூசாமல் செருகினோம். பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, கூம்பில் பத்துப் பதினைந்து அரிசி மணி போட்டு, போனிலிருந்து தனிச் சுருதி கொடுத்தோம். 70 இல் அரிசி துள்ளியது. இறக்க இறக்க அடங்கி, 43 இல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆனால் சத்தம் குறையவில்லை. குழாய் வாயில் பிடித்த கடதாசி படபடவென்று அடித்தது. கூம்பு ஓய்ந்திருக்க, காற்றே பாடுகிறது! குழாயில் இரண்டரை சென்ரிமீற்றர் குறைத்ததும் 45 இல் அடங்கியது.

"சேர், குழாய ரெண்டாக்கினா ஏன் நீளமும் கூடுது?" என்று கேட்டான். இது உயர்தரப் பௌதிகவியல் கேள்வி. சாதாரண தரம் முடித்தபோது, கிட்டிய பாடசாலையில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. தூரத்துக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. அதனால் படகுக்குப் போனவன் இவன். கெட்டித்தனம் இல்லாமல் போனவனல்ல.

"ஒரு வாத்திமாருக்கு ஏன் இந்த மியூசிக் வேலை?" என்று ஊரில் ஒருவர் கேட்டார். பாட்டைப் பற்றி அவருக்கு அவருடைய கருத்து இருக்கட்டும். நான் படிப்பித்தது காற்றைப் பற்றி. அவனுக்கு மிஞ்சியது ஒவ்வோர் இரவும் பாதிக் கூலி.

அலைகள் பாடம் வரும்போது வகுப்புக்கு ஒரு பழைய ஸ்பீக்கரும் கொஞ்சம் அரிசியும் கொண்டுபோங்கள். பெட்டி அடிக்க நினைக்கும் தம்பிமார் ஸ்பீக்கரின் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், கணக்குப் பார்த்துத் தருகிறேன்.