மண்கரையின் மாண்பு

மலைநாட்டு மழைக்கு இரண்டு முகங்கள் உண்டு. அளவறிந்து பெய்யும்போது அது தாய். அளவிறந்து பெய்யும்போது அதுவே பகை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கே, கர்நாடக எல்லையை அடுத்துள்ள நாட்றாம்பாளையம் அவ்விரு முகங்களையும் அறிந்த நிலத்தில் அமைந்த ஊர். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில், காடும் குன்றும் சூழ அது விளங்குகிறது. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் அப்பக்கத்து மக்கள் மழையை நம்பி விளைவிக்கும் பயிர்கள். அங்குள்ள ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். மலைமேல் மழை கொட்டினால் சிறிது நேரத்திற்குள் கரைபுரளும். அஞ்செட்டிப் பக்கம் பாய்ந்து காவிரியில் கலக்கும் காட்டாறு ஒன்றின் பெயர் தொட்டல்லா. கன்னட மொழியில் அதற்குப் ‘பெரிய ஓடை’ என்பது பொருள்.

சரிவில் விழும் மழை எத்தகையது என்பதைச் சிறு கணக்கொன்று புலப்படுத்தும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் 1 இலட்சம் லிட்டர். ஒரே மாலையில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 5 இலட்சம் லிட்டர். அந்நீர் மெல்ல இறங்கினால் மண் அதனைக் குடிக்கும். விரைந்து ஓடினால் மண்ணையே அது குடித்துவிடும். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலார் கணக்கு. எனவே வெள்ளத்தை அடக்க விரும்புவோர் முதலில் அடக்க வேண்டுவது அதன் வேகத்தையே.

இதற்கு எளிய மக்கள் கண்ட எளிய கருவி மண்கரை. கல்லும் சுண்ணமும் அருமையாய் இருந்த காலத்திலும், காலடியில் கிடந்த மண் அவர்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தது. ஆயினும் மண்ணைக் குவித்த மாத்திரத்தில் அது கரையாகிவிடாது. அடிநிலத்துத் தளர்மண்ணை அகற்றிப் பள்ளம் பறித்து, நீர் கசியாத களிமண்ணை அதில் நிரப்ப வேண்டும். அதன்மேல் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, அளவாக நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். உலர்ந்த மண் இறுகாது. சேறான மண் நிற்காது. கரையின் இருபுறமும் சரிவாக விரிய வேண்டும். அலை மோதும் உட்சரிவிற்குக் கல் பதிப்பர். மழை அரிக்கும் வெளிச்சரிவிற்குப் புல் வளர்ப்பர். கல்லணை தன் கனத்தாலும் பிணைப்பாலும் நிற்பது. மண்கரை தன் அகலத்தாலும் அமைதியாலும் நிற்பது.

இத்தகைய கரை வெள்ளத்தை எவ்வாறு குறைக்கிறது? மலையிலிருந்து ஒரு நாழிகையில் வந்துசேரும் நீரைத் தன் வயிற்றில் ஏற்று, மதகின் வழியே பல மணி நேரம், சில வேளைகளில் பல நாள், சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. வந்த நீர் அனைத்தும் போய்விடலாம். ஆனால் வந்த விரைவில் போவதில்லை. தேங்கிய நீரிலிருந்து மண் படிந்து வண்டலாகிறது. ஒரு பகுதி நிலத்துள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. பகையாய் வந்த நீர் இவ்வாறு விருந்தாய்த் தங்கிச் செல்கிறது.

ஆனால் மண்கரைக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. தன் தலைமேல் நீர் வழிந்தால் அது தாங்காது. கற்சுவரின் மேல் வெள்ளம் வழிந்து சென்ற பின்னும் சுவர் நிற்கக்கூடும். மண்கரையின் மேலோ ஒரு சாண் ஆழத்தில் நீர் வழிந்தாலும், அது வெளிச்சரிவை அரித்து வாய்க்காலாக்கிக் கொள்ளும், வாய்க்கால் உடைப்பாகும், உடைப்பு ஊரை அழிக்கும். ஆதலால் முன்னோர் கரைக்குத் துணையாகக் கலிங்கு அமைத்தனர். கரையின் ஓரத்தில், உறுதியான நிலத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்படும் வழிந்தோடு வாயில் அது. மிகுந்த நீர் அதன் வழியே அடுத்த ஏரிக்குச் சென்றது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பல சங்கிலித் தொடராய் இவ்வாறு பிணைக்கப்பட்டவை. மண்கரையின் வலிமை, நீரைத் தடுப்பதில் பாதி; வழிவிடுவதில் பாதி.

இவ்வுண்மையை மறப்பதற்குப் பேராசை ஒன்றே போதும். கலிங்கின்மேல் நான்கு கல்லை அடுக்கி அடைத்தால் ஏரியில் இன்னும் இரண்டடி நீர் நிற்கும். இன்னும் சில வயல்கள் விளையும். அடைப்பவர் கண்ணுக்கு அந்த வயல்களே தெரிகின்றன. கரைக்குக் கீழே உறங்கும் குடிகள் தெரிவதில்லை.

அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்னும் மண்ணணை இருந்தது. செல்வர் சிலர் அதனைத் தம் பொழுதுபோக்கிற்கென வாங்கினர். வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். வளர்த்த மீன்கள் வெளியேறாதிருக்க, நீர் வழியும் வாயிலில் கம்பி வலை அடித்தனர். அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களோ அதற்கு முன்பே அகற்றப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று பெருமழை பெய்தது. மிதந்து வந்த குப்பைகூளங்கள் வலையை அடைத்தன. நீர் கரையின் தலைமேல் வழிந்தது, அணை உடைந்தது. பள்ளத்தாக்கில் இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர். மீனைக் காக்க இட்ட வலை மனிதரைக் கொல்லும் என்று இட்டவர் எவரும் எண்ணியிரார். எண்ணாமையே அவர் குற்றம்.

மற்றொரு பகை இன்னும் சிறியது. அது நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் உளுத்த வேர். விரல் நுழையும் துளை வழியே கசியும் நீர் தெளிவாய் இருக்கும்வரை பெரிய அச்சமில்லை. அது கலங்கிவந்தால், கரையின் உள்ளிருக்கும் மண்ணை அது கரைத்து வருகிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைப் படித்தறிந்தவர் சிலர், பார்த்தறிந்தவர் நீர்க்கட்டியார். ஊரார் கதவடைத்து உறங்கும் மழையிரவில், தலையில் சாக்கும் கையில் விளக்கும் தோளில் மண்வெட்டியுமாய்க் கரையின் நீளமெல்லாம் நடப்பது அவர் கடமை. நூறு இரவுகள் நடந்தும் ஒன்றும் நேராமல் இருக்கலாம். அவர் நடந்ததனால்தான் ஒன்றும் நேரவில்லை என்பது எவருக்கும் தோன்றாது. நேராமல் தடுத்த தீமைக்கு உலகில் நினைவுத்தூண் இல்லை.

கரையைக் காப்பது ஊரின் பொறுப்பு என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற இயலாது என்பதும் அங்கே விதியாயிருந்தது. ஏரியைக் காப்பவரையும் காக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர் போலும்!

சிற்றணைகளின் பயனை மேலைநாட்டாரும் பின்னர் உணர்ந்தனர். 1930களில் புழுதிப்புயலாலும் மண்ணரிப்பாலும் வாடிய ஒக்லகோமா மாநிலத்தில், கிளவுட் சீஃப் என்னும் ஊரின் அருகே 1948-இல் வெள்ளத் தடுப்புக்காகச் சிறிய மண்ணணை ஒன்று எழுந்தது. 1954-இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பின்னர் அந்நாட்டில் 11,000க்கும் மேற்பட்ட சிற்றணைகள் தோன்றின. பேராற்றின் வெள்ளம் பேராற்றில் பிறப்பதில்லை. ஆயிரம் ஓடைகளில் பிறக்கிறது. பிறக்கும் இடத்திலேயே அதனைத் தணிப்பது எளிது.

எனினும் எக்கரையும் எல்லா மழையையும் தாங்கும் என்று இறுமாத்தல் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின்போது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரி நிரம்பி வழிய, சாலையோரம் நின்ற ஊர்திகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அத்தகைய நாளில் ஊரைக் காப்பது கரையின் உயரம் மட்டுமன்று. கலிங்கிலிருந்து நீர் செல்லும் கால்வாய் தூர்ந்து போகாமல், ஆக்கிரமிக்கப்படாமல் இருத்தலும் ஆகும். நூறாண்டு வராத நீரும் ஒருநாள் தன் பழைய வழியைத் தேடி வரும்.

நாட்றாம்பாளையம் போன்ற மலையோர ஊர்களில் எழுப்பப்படும் சிறுகரை எதுவும் வரலாற்று நூலில் இடம்பெறப் போவதில்லை. அதன்மேல் ஆடு மேயும். சிறுவர் நடந்து பள்ளிக்குச் செல்வர். அச்சிறுவருள் ஒருவன் ஒருநாள் கரையடியில் கலங்கிய நீர் கசிவதைக் கண்டு, நின்று, ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்வானாயின், அன்றைக்கு அக்கரையைக் காத்தவன் அவனே. மண்ணால் ஆனது கரை. அதனை நிற்கச் செய்வது மனிதரின் விழிப்பு.