‘இரு’ என்னும் சொல்

வீட்டு விலங்குகளுள் மனிதனோடு நெடுங்காலம் பழகி வந்தது நாய். ஆடும் மாடும் அவனை அடைவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஓநாயின் வழித்தோன்றலாகிய நாய் அவன் மூட்டிய நெருப்பின் அருகே படுத்துறங்கத் தொடங்கிவிட்டது என்பர் ஆராய்ச்சியாளர். யானையின் நட்பையும் நாயின் நட்பையும் சீர்தூக்கிப் பார்த்த நாலடியார், நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று முடிவு கூறுகின்றது. நாயின் அன்பு அத்தகையது.

ஆயினும், அன்பு வேறு, அடக்கம் வேறு. அன்பு நாய்க்கு இயல்பாக அமைந்தது. அடக்கமோ பயிற்சியால் வருவது. ‘வா’ என்றால் நாய் துள்ளி வரும்; ‘பிடி’ என்றால் பாய்ந்து செல்லும். இவை அதன் இயல்போடு ஒத்த ஏவல்கள். ‘இரு’ என்பது அத்தகையது அன்று. தலைவன் எழுந்து நடந்தால் அவன் பின்னே செல்வதே நாயின் இயல்பு. அவன் செல்வதைக் கண்ணால் கண்டுகொண்டே, கால்களை அசைக்காமல் இருந்த இடத்தில் இருப்பது அதற்கு அருந்தவம் போன்றது. ஒன்றைச் செய்யக் கற்பிப்பதைவிடச் செய்யாதிருக்கக் கற்பிப்பதே அரிது அன்றோ?

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர். பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய அவ்வூர் நாயினம், காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றது. அவ்வூரை அடுத்த மாந்தோப்பு ஒன்றில் முதியவர் ஒருவர் காவல் புரிந்து வந்தார். தோப்புக்கு அருகில் குடியிருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் அவ்வினத்துக் குட்டி ஒன்றை வளர்த்தான். அதற்கு வெள்ளையன் என்று பெயரிட்டான்.

ஒருநாள் சிறுவன் வெள்ளையனை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, “இரு!” என்று அதட்டிவிட்டு இருபது அடி தொலைவு நடந்தான். திரும்பிப் பார்த்தபோது குட்டி அவன் காலடியிலேயே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவன் மீண்டும் கத்தினான். பின்னர்க் கையை ஓங்கினான். குட்டி காதுகளை மடக்கிக்கொண்டு தரையோடு தரையாய்ப் பதுங்கியது. அதனைக் கண்ட முதியவர் அருகில் வந்தார்.

“தம்பி, எதற்காக அதை அடிக்கப் போகிறாய்?” என்று வினவினார்.

“இருக்கச் சொன்னேன் தாத்தா, கேட்கவில்லை.”

“அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவென்று அதற்கு எப்போது சொல்லிக் கொடுத்தாய்?”

சிறுவனிடம் விடை இல்லை. அன்று மாலையே பாடம் தொடங்கியது.

முதியவர் காட்டிய முறை மிக எளியது. குட்டியை முதலில் உட்காரச் செய்தல் வேண்டும். உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே காட்டி, ‘இரு’ என்று ஒரே ஒரு முறை, அமைதியான குரலில் சொல்லுதல் வேண்டும். அதன்பின் ஓர் அடி மட்டும் பின்வாங்கி, உடனே திரும்பி வந்து, அது உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே ஒரு கருவாட்டுத் துணுக்கைக் கொடுத்தல் வேண்டும். எழுந்து வந்த பிறகு கொடுத்தால், எழுந்ததற்கே பரிசு கிடைத்தது என்று குட்டி எண்ணிக்கொள்ளும். ‘போகலாம்’ என்னும் விடைச்சொல்லைக் கேட்ட பிறகே அது எழுதல் வேண்டும். இடையில் எழுந்துவிட்டால் அதட்டலும் கூடாது, அடியும் கூடாது. அமைதியாகப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், முன்னினும் எளிய நிலையிலிருந்து மீண்டும் தொடங்குதல் வேண்டும். சில நிமிடங்கள் பழக்கியபின் விளையாட விட்டுவிடுதல் வேண்டும். குட்டியின் மனம் சலித்த பிறகு கற்பிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போலாகும்.

இம்முறைக்கு அறிவியலும் சான்று பகர்கின்றது. செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பாவ்லாவ், நாய்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார். உணவோடு ஓர் ஒலியைப் பலமுறை சேர்த்துக் கேட்பித்தால், பின்னர் அவ்வொலி மட்டும் கேட்டாலும் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் கண்டார். ஒலிக்குத் தானாகப் பொருள் இல்லை. அதனைத் தொடர்ந்து வருவதே அதற்குப் பொருளைத் தருகின்றது. ‘இரு’ என்னும் சொல்லும் அவ்வாறே. அச்சொல்லுக்குப் பின் அடி வந்தால் அதன் பொருள் அச்சம். அன்போடு தலைவன் திரும்பி வந்தால் அதன் பொருள் நம்பிக்கை.

நாள்தோறும் பாடம் நடந்தது. தொலைவு, நேரம், இடையூறு ஆகிய மூன்றையும் ஒருங்கே கூட்டலாகாது. ஒன்றைக் கூட்டும்போது மற்றவற்றைக் குறைத்தல் வேண்டும் என்றார் முதியவர். ஓர் அடி ஐந்தடி ஆயிற்று. ஐந்தடி இருபதடி ஆயிற்று. தொப்பென்று மாங்காய் விழுந்தபோதும், அணில் குறுக்கே ஓடியபோதும் வெள்ளையன் உடல் நடுங்க இருந்த இடத்திலேயே இருந்தது. பதினைந்தாம் நாள் சிறுவன் ஒரு மரத்தின் பின்னே மறைந்து நின்று, நூறு எண்ணி முடித்துத் திரும்பினான். குட்டி அசையவில்லை. அவன் உள்ளம் பெருமையால் நிறைந்தது.

பெருமை வந்த இடத்தில் மறதியும் வந்தது. ஒருநாள் வெள்ளையனை மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு அவன் தோப்பின் வாயில் வரை சென்றான். அங்கே அவனுடைய தோழர்கள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தனர். அவனும் சேர்ந்துகொண்டான். ஆட்டம் முடியும் முன்னரே மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வீட்டுக்கு ஓடினர். இரவு உணவுக்கு அமர்ந்தபோதுதான் அவனுக்கு வெள்ளையனின் நினைவு வந்தது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு இருளில் தோப்புக்கு ஓடினான். மரத்தடியில் நாய் இல்லை. முதியவரின் குடிசைத் திண்ணையில் ஈரம் சொட்ட அது சுருண்டு கிடந்தது.

“சொன்னதைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டதே!” என்றான் சிறுவன். நாணத்தை மறைக்க அவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “இருட்டும் வரையில் அது மழையிலேயே உட்கார்ந்திருந்தது, தம்பி. நான் அழைத்தும் வரவில்லை; நீ போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகுதான் எழுந்தது. சொல்லை மீறியது அது அன்று” என்றார்.

மறுநாள் சிறுவன் கையைக் காட்டி, ‘இரு’ என்றான். அவன் முதுகைத் திருப்பிய அளவிலே வெள்ளையன் எழுந்து பின்தொடர்ந்தது. கருவாட்டைக் காட்டியும் பயன் இல்லை. பதினைந்து நாளில் கற்றது ஒரே மாலையில் அழிந்துவிட்டது. சிறுவன் மீண்டும் ஓர் அடியிலிருந்து தொடங்கினான். சொன்னபடி திரும்பி வருவான் என்று நாய் மறுபடியும் நம்புவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

காத்திருத்தல் நாயின் குருதியில் ஊறிய பண்பு. சப்பான் நாட்டில் உவேனோ என்னும் வேளாண்மைப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் தோக்கியோ நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும் வேளையில், ஆச்சிக்கோ என்னும் அவருடைய நாய் சிபுயா தொடர்வண்டி நிலையத்துக்குச் சென்று அவரை எதிர்கொள்ளும். 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பணியிடத்திலேயே உயிர் நீத்தார். அதன்பின் 1935-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தான் இறக்கும் வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்நாய் அந்நிலையத்துக்கு வந்து அவரை எதிர்பார்த்தது. அதன் வெண்கலச் சிலை அந்நிலையத்தின் அருகே இன்றும் நிற்கின்றது. ஆச்சிக்கோவை ‘இரு’ என்று ஏவியவர் எவரும் இலர். ஏவாமலே பத்தாண்டு காத்திருக்கும் உயிரிடம் ‘இரு’ என்று சொல்பவன், எத்துணைப் பெரிய கடனைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கின்றான்!

அக்கடனைச் சிறுவன் அதன்பின் மறக்கவில்லை. ஓராண்டு கழிந்தது. ஒருநாள் மாலை தென்காசிச் சாலையைக் கடந்து இப்புறம் வந்தவன் திரும்பிப் பார்த்தான். வெள்ளையன் அப்புறத்தே பின்தங்கியிருந்தது. அவனைக் கண்டதும் சாலையில் கால் வைக்க முனைந்தது. வளைவில் பஞ்சுப்பொதி ஏற்றிய லாரி ஒன்று விரைந்து வந்துகொண்டிருந்தது. சிறுவன் கதறவில்லை. உள்ளங்கையை உயர்த்தி, “இரு!” என்றான். வெள்ளையன் எடுத்த காலைப் பின்வாங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்தது. லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுச் சென்றது. புழுதி அடங்கியதும் வெள்ளைநிறம் அதே இடத்தில் தெரிந்தது.

சிறுவன் அதனைத் தன்னிடம் அழைக்கவில்லை. தானே சாலையைக் கடந்து அதன் அருகில் சென்றான், தலையைத் தடவினான், “போகலாம்” என்றான். அதன்பின்னரே அது எழுந்தது.

ஏவுவது எளிது, ஏவலுக்குப் பின் உள்ள கடமையைச் செய்வதே அரிது. அடியால் பணிந்த நாய் கைக்கு எட்டும் தொலைவு வரைதான் பணியும். நம்பிப் பணிந்த நாய் கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் சொல்லைக் காக்கும். தன் சொல்லைத் தான் காப்பவனுக்கே பிறர்க்குச் சொல்லும் உரிமை உண்டு. வாயில்லாத உயிர் ஒன்று மாந்தோப்பில் ஒரு சிறுவனுக்குக் கற்பித்த பாடம் இதுவேயாகும்.