பாலுக்குள் ஐந்து எழுத்து

ரப்பர் பாலை அதிவேகமாகச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர்மம், அடியில் லூட்டாய்டு என்னும் நுண்பைகள். இந்த அடியடுக்கின் வேலை, தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்குப் பெயர் தெரியாமலே பழக்கம். விடியலில் கோடு கீறியதும் மங்கில் சொட்டத் தொடங்கும் பால் சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். கத்தி பட்ட இடத்தில் நுண்பைகள் உடைகின்றன. உள்ளே இருக்கும் ஹெவீன் என்ற சின்னப் புரதம் வெளியேறி, ரப்பர் துகள்களை ஒட்டவைத்துக் குழாய்களை அடைக்க உதவுகிறது.

பினாங்கில் இருந்துகொண்டு புரதங்களை உடைத்துப் படிக்கும் எனக்கு ஹெவீனைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. மொத்தமே 43 அமினோ அமிலங்கள். 1960இல் ஆர்ச்சர் என்ற ஆய்வாளர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1975இல் கோலாலம்பூரில் நடந்த அனைத்துலக ரப்பர் மாநாட்டில் வாலுஜோனோ குழுவினர் அதன் வரிசையை வெளியிட்டார்கள். ஆக விடை ஐம்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதும் அதனால்தான்: விடை தெரிந்த கணக்கில்தான் கருவி எங்கே ஏமாற்றுகிறது என்று பார்க்க முடியும்.

ட்ரிப்சின் என்ற நொதி லைசினுக்கும் அர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். ஹெவீனை அதனிடம் கொடுத்தால் ஐந்து, ஐந்து, முப்பத்திரண்டு என பெப்டைடு எனப்படும் மூன்று துண்டுகளும், கடைசியில் தனியாக ஓர் அஸ்பார்டிக் அமிலமும் கிடைக்கும். இரண்டாவது ஐந்தைப் பார்ப்போம்: குளூட்டமின், அலனின், கிளைசின், கிளைசின், லைசின்.

நிறை நிறமாலைமானி, எங்கள் பேச்சில் மாஸ் ஸ்பெக், வரிசையைப் படிப்பதில்லை. எடை மட்டும்தான் போடும். இந்தப் பெப்டைட் ஒரு புரோட்டானோடு 460.25 காட்டும். அந்த எண்ணை வைத்து எழுத்துகளின், அதாவது அமினோ அமிலங்களின், வரிசை தெரியாது, உடைக்க வேண்டும். பெப்டைடை நைட்ரஜன் போன்ற வாயுவில் மோதவிட்டால், ஏறியிருந்த புரோட்டான் சங்கிலி நெடுக நகர்ந்து ஏதோ ஓர் அமைடு பிணைப்பில் அமரும். அது தளர்ந்து முறியும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் முறிவதால், எல்லா நீளத்திலும் துண்டுகள் வந்து விழுகின்றன. முன்பக்கத் துண்டு பி, பின்பக்கத் துண்டு ஒய். இந்தப் பெயர்முறைக்கு அடித்தளம் போட்டவர்கள் 1984இல் ரோப்ஸ்டார்ஃபும் ஃபோல்மனும்.

ஒய் வரிசை 147.11, 204.13, 261.16, 332.19 என்று ஏறும். அடுத்தடுத்த எண்களைச் சுருக்காத தசமங்களோடு கழித்தால் 57.02, 57.02, 71.04. கிளைசின், கிளைசின், அலனின். மளிகைக் கடை நோட்டுப் போல இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்: இரண்டெழுத்து முன்துண்டான பி2இன் 200.10ஐ மூன்றெழுத்துப் பின்துண்டான ஒய்3இன் 261.16ஓடு கூட்டினால், முழுப் பெப்டைடின் 460.25உம் கூடுதலாக ஒரு புரோட்டானும் வரும்.

இப்போது 204.13இல் பீக் (கருவி வரையும் முகடு) விழவில்லை என்று வையுங்கள். 261.16இலிருந்து 147.11 போனால், சுருக்காத கணக்கில் 114.04. இரண்டு கிளைசின்களின் எடை அது. ஒரே ஓர் அஸ்பாரஜினின் எடையும் அதுவே. அணுக்கள் அத்தனையும் ஒன்று என்பதால் எவ்வளவு நுட்பமான கருவியாலும் பிரிக்க முடியாது. அந்த ஒரு முறிவு மட்டுமே சாட்சி. முனைகளிலும் தொல்லை உண்டு. குளூட்டமினுக்கும் லைசினுக்கும் வித்தியாசம் 0.036தான், பழைய கருவிகளுக்கு இரண்டும் வெறும் 128. தலைமுனையில் நிற்கும் குளூட்டமின் அம்மோனியாவைக் கழற்றி வளையமாகிவிட்டால் மொத்த எடையில் 17.03 குறைந்து, தேடுகிற இடத்தில் பெப்டைடே இருக்காது.

ஹெவீனில் எட்டு சிஸ்டீன்கள் நான்கு கந்தகப் பாலங்களாக இறுகி நிற்கின்றன. அவற்றைத் திறந்து, மறுபடி ஒட்டாமலிருக்க அயோடோஅசிட்டமைடு போட்டு அடைக்கிறோம். அடைப்பதால் சிஸ்டீனில் கூடும் எடை 57.02. ஆம், மறுபடியும் அதே கிளைசின் எடை! மருந்து அளவு மீறி லைசினிலோ தலைமுனையிலோ ஒட்டிக்கொண்டால், இல்லாத கிளைசின் ஒன்று இருப்பதாகத் தோன்றும்.

மென்பொருள் இதையெல்லாம் பேசுவதில்லை. அது கிடைத்த பீக்குகளை மரபணுத் தகவலிலிருந்து எழுதிய வரிசைகளோடு ஒப்பிட்டு, மதிப்பெண்ணோடு ஒரு பெயரைச் சொல்லும். பால்மரத்துக்கு அப்படியொரு தகவல்தொகுதி இந்தத் தீவிலிருந்தே வந்தது: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையத்தில் மக்சூதுல் ஆலம் தலைமையில் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகத்தின் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டு, 2013இல் வரைவு வெளியானது. பெரிய உதவி அது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் மதிப்பெண்ணை மட்டும் ஒட்டி அறிக்கை அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை. எந்த முறிவு விழுந்தது, எது விழவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு இங்கே ஒரு காரணமும் உண்டு. 1980களில் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைத் தேவை எகிறியது. மலேசியா உலகின் முதன்மை உற்பத்தியாளர் ஆனது. மருத்துவமனை ஊழியர்களிடையே ரப்பர் பால் ஒவ்வாமையும் பரவியது. அவர்களுக்கு முக்கிய ஒவ்வாமைப் பொருள் இதே ஹெவீன். கையுறைப் பவுடர் புரதத்தைக் காற்றில் சுமந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கா பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்தது.

கையுறையைக் கழுவிய நீரில் ஹெவீன் எவ்வளவு என்று அளக்க எந்தத் துண்டைப் பிடிப்பது? ஐந்தெழுத்து மிகச் சிறியது. பல மென்பொருள்கள் வழக்கமான அமைப்பில் அதைத் திரும்பியும் பார்க்காது. வாழை, வெண்ணெய்ப்பழத்தின் கைட்டினேஸ் என்னும் நொதிகளிலும் ஹெவீன் போன்ற பகுதி இருப்பதால், இவ்வளவு குட்டி வரிசை யாருடையது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முப்பத்திரண்டோ ஏழு சிஸ்டீன்களோடு மிகவும் பருமன். நான் நொதியை மாற்றுவேன். கைமோட்ரிப்சின் டிரிப்டோஃபனுக்கும் டைரோசினுக்கும் பின்னால் வெட்டுவதால் 24ஆம் இடம் முதல் 30ஆம் இடம் வரை ஏழெழுத்துத் துண்டு ஒன்று கிடைக்கும். அதில் லைசினும் அர்ஜினினும் இல்லாததால் ஒய் வரிசை மெலியக்கூடும். பி வரிசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கனமான கார்பன் ஏற்றிய அதே துண்டைத் தெரிந்த அளவில் கலப்பது கருவியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும், நொதி வெட்டாமல் விட்டதைச் சரிசெய்யாது. ஆகவே செரிக்கும் நேரத்தை 2, 4, 16 மணி என்று நீட்டி, பீக் இனி உயரவில்லை என்று பார்த்த பிறகே அளவை எழுதுகிறேன்.