காசின் கருமை

ஓய்வு நேரத்தை இனிதே கழிக்க மக்கள் மேற்கொள்ளும் முயற்சிகள் பல. சிலர் தபால்தலைகளைத் திரட்டுவர்; சிலர் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவர்; சிலர் பழஞ்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைவர். எனக்கு வாய்த்த ஈடுபாடு பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பது. அவை எண்ணிக்கையில் மிகுதியானவை அல்ல. ஒரு சிறிய மரப்பேழைக்குள் அடங்கிவிடுவன. விலை உயரும் என்று கருதியோ, பிறரிடம் இல்லாதது என்னிடம் இருத்தல் வேண்டும் என்று விரும்பியோ நான் அவற்றைச் சேர்க்கவில்லை. அவை அழகாக இருக்கின்றன, அதுவே காரணம். என் இல்லத்திற்கு வரும் நண்பர் சிலர் பேழையைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் கறுத்துக் கிடக்கின்றனவே! இவற்றில் என்ன அழகைக் கண்டீர்?" என்று வினவுவதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளவற்றுள் பெரும்பாலானவை பழைய வெள்ளி ரூபாய்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835-ஆம் ஆண்டில் தம் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே தன்மையான ரூபாயை வகுத்தனர். அதன் எடை 180 கிரெயின். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டு பங்கிற்குப் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்பதும் அதே எடையே. ஆதலால் அக்காலத்து ரூபாய், கொடுக்கல் வாங்கலில் பணமாகவும், தராசுத் தட்டில் எடைக்கல்லாகவும் பயன்பட்டது. 1940-ஆம் ஆண்டில், உலகப் போரின் நெருக்கடிக் காலத்தில், வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் ரூபாய் நிக்கலால் ஆயது. அதில் வெள்ளியே இல்லை. ஆகவே, இந்த உயர்ந்த வெள்ளி ரூபாயின் வாழ்நாள் ஏறக்குறைய நூற்றைந்து ஆண்டுகளே.

அந்நாளில் காசின் அச்சினைச் செதுக்கியவர்கள் தேர்ந்த கலைஞர்கள். 1840-ஆம் ஆண்டுக் காசில் விக்டோரியா முடி தரியாத இளம்பெண்ணாகக் காட்சி தருகிறார். 1862-ஆம் ஆண்டுக் காசிலோ, முடி சூடி, பூவேலை செய்த ஆடை அணிந்த அரசியாக விளங்குகிறார். அந்த ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு விரல்நக அகலத்திற்குள் தெளிவாக அமைந்திருப்பது வியப்பூட்டும். அக்காசுகளைக் கையாண்ட மக்களும் அவற்றைக் கூர்ந்து நோக்கியே வந்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1911-ஆம் ஆண்டில் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், அவருடைய அங்கியின்மேல் ஒரு சிறிய யானை உருவம் இருந்தது. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால், அது பன்றியைப்போல் தோன்றுகிறது என்று மக்கள் குறை கூறினர். அடுத்த ஆண்டுக் காசிலேயே அவ்வுருவம் திருத்தப்பட்டது. கடுகளவான ஓர் உருவத்தையும் மக்களின் கண்கள் காணாது விடவில்லை!

இனி, நண்பர்கள் குறை கூறும் கருமைக்கு வருவோம். இரும்புக்குத் துரு உண்டு. செம்புக்குக் களிம்பு உண்டு. வெள்ளியை ஈரமும் காற்றும் மட்டும் எளிதில் கெடுப்பதில்லை. ஆனால் காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி, அதன்மீது மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. அப்படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது காசு இளமஞ்சள் நிறம் கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் படலம் தடிக்கிறது. பொன்னிறம் செந்நிறமாகி, ஊதாவாகி, நீலமாகி, முடிவில் கருமையாகிறது. நீர்மேல் பரவிய எண்ணெயில் வானவில்லின் நிறங்கள் தோன்றுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. மெல்லிய படலத்தில் பட்டு மீளும் ஒளி, படலத்தின் தடிப்பிற்கேற்பப் பல நிறங்களைக் காட்டுகிறது.

காலைக் கதிரொளியில் ஒரு காசை விளிம்பில் பற்றிச் சற்றே சாய்த்துப் பார்த்தால் இவ்வுண்மை புலனாகும். நேரே நோக்குங்கால் கறுத்துத் தோன்றிய காசில், சாய்க்குங்கால் மயிற்கழுத்தின் நீலம் ஓடுகிறது. எழுத்துகளின் இடுக்குகளில் கருமை தங்கி, எழுத்தை எடுத்துக் காட்டுகிறது. உருவத்தின் கன்னம், நெற்றி முதலிய மேடான இடங்களோ, எண்ணற்ற கைகள் பட்டுத் தேய்ந்து, மங்கிய வெண்மையோடு விளங்குகின்றன. சந்தையில் உழவன் கொடுத்ததும், அதனை வணிகன் கல்லில் தட்டி ஓசை கேட்டு ஏற்றதும், பின்னர் எவரோ முடிந்து வைத்துக் காத்ததும் ஆகிய யாவும் அத்தேய்வில் அடங்கியுள்ளன. அச்சடித்தவன் காசுக்கு உருவம் தந்தான். கைகளும் காலமும் அதற்கு நிறம் தந்தன.

எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் வாழ்ந்து வந்தார். அவரிடம் பன்னிரண்டு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. தம் பெயர்த்திக்குக் கொலுசு செய்வதற்காக அவற்றை உருக்கக் கொடுக்க எண்ணினார். ஒருநாள் நான் சென்றபோது, அவற்றைத் தரையில் பரப்பி, திருநீற்றையும் துணியையும் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, கறுத்த காசைக் கடைக்காரர் மதிப்பாரோ? துலக்கிக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

"அம்மா, தராசுக்குக் கறுப்பும் வெளுப்பும் ஒன்றுதான். துலக்குமுன் இவற்றை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு காசின் விளிம்பில், முன்பு வளையம் பற்றவைத்திருந்த தழும்பு கிடந்தது. அதனைக் கண்டதும் அவர் கை நின்றது. "இஃது என் அன்னையின் கழுத்தில் கிடந்த காசு" என்றார். பின்னர் அதனைத் துணியில் முடிந்து தனியே வைத்தார். என் வருவாய்க்கு இயன்ற அளவில், கடையில் என்ன விலை கிடைக்குமோ அதே விலை கொடுத்து நான் நான்கு காசுகளைப் பெற்றுக்கொண்டேன். எஞ்சிய ஏழும் உலைக்குச் சென்றன.

அவ்வேழில் ஒன்று ஆழ்ந்த நீலம் படர்ந்த 1862-ஆம் ஆண்டுக் காசு. அதனை இன்றும் நினைக்கிறேன். ஆயினும், அந்த அம்மையாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. குழந்தையின் காலில் ஒலித்த கொலுசும் அதே வெள்ளியன்றோ? தேவைக்காக உருக்கப்பட்ட காசு வேறொரு பயனைப் பெறுகிறது. பளபளப்புக்காகத் தேய்க்கப்பட்ட காசோ எப்பயனையும் பெறுவதில்லை, உள்ளதையும் இழக்கிறது. ஏனெனில், அந்தக் கரிய படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. காசின் வெள்ளியும் அதில் கலந்திருக்கிறது. படலத்தைத் தேய்த்து நீக்கும்போது அவ்வெள்ளியும் உடன் போகிறது; நுண்ணிய செதுக்குவேலையும் மழுங்குகிறது. எண்பது ஆண்டுகளில் படிந்த நிறம் எட்டு நொடிகளில் அழியும். அதனை மீண்டும் பெற எண்பது ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

கந்தகப் புகை காட்டிச் சில நாட்களிலேயே காசுக்கு நிறம் ஏற்றி விற்போரும் உளர். அந்நிறம் பகட்டாக இருக்கும். பழகிய கண்ணுக்கு அதன் பொய்ம்மை புலப்பட்டுவிடும். ஆதலால், பழங்காசு சேர்க்க விரும்புவோர் முதலில் நல்ல காசுகளைப் பலமுறை பார்த்துப் பழகுதல் நன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் நாணயச் செல்வத்திற்குப் பெயர் பெற்றது. கொங்கு நாட்டு மண்ணில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் உரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகும் மணிக்கற்களும் நாடி வந்த வணிகத்தின் அடையாளங்கள் அவை. காசுகளைக் காக்கும் முறையும் எளிதே. விரலின் வியர்வை படாமல் விளிம்பில் பற்றுக. ஈரமில்லாத இடத்தில் வைக்க. கந்தகம் கலந்த இரப்பர்ப் பட்டையால் கட்டாது ஒழிக.

உங்கள் வீட்டுப் பழம்பெட்டியிலும் கறுத்த காசு ஒன்று இருத்தல் கூடும். அதனைக் கண்டால் துலக்குவதற்குத் துணி தேடாதீர்கள். வீட்டில் உள்ள முதியோரிடம் எடுத்துச் சென்று, "இஃது யாருடையது? எப்படி நம் வீட்டிற்கு வந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையைக் கேட்டபின் காசை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அப்போது அந்தக் கருமை உங்களுக்கு அழுக்காகத் தோன்றாது.