மெயின்ஃப்ரேம் சொல்ல, லினக்ஸ் செய்ய

மெயின்ஃப்ரேம் என்றாலே நம்மில் பலருக்கு அருங்காட்சியகச் சமாச்சாரம். ஐபிஎம் சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டது 1964 ஏப்ரலில் என்பதால் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் பெரிய வங்கிகள் பலவற்றில் ராத்திரிக் கணக்கை முடித்துவைப்பது இன்றைக்கும் அதன் வாரிசுகள்தான். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று வரிசைப்படுத்த அங்கே ஷெட்யூலர் என்ற மென்பொருள் இருக்கும். பிஎம்சியின் கன்ட்ரோல்-எம், 2018-இல் பிராட்காம் கைக்குப் போன சிஏ 7 எல்லாம் இந்த ரகம்.

சரி, சிக்கல் எங்கே? எல்லா வேலையும் மெயின்ஃப்ரேமிலேயே முடிவதில்லை. கணக்கு முடிந்ததும் ஒரு கோப்பு லினக்ஸ் சர்வருக்குப் போகும். அங்கே அறிக்கை தயாராகும். அது முடிந்தால்தான் மெயின்ஃப்ரேமில் அடுத்த வேலை.

"லினக்ஸில்தான் கிரான் இருக்கிறதே, ராத்திரி இரண்டரைக்கு ஓடு என்று எழுதிவிட்டால் போச்சு" என்று நீங்கள் கேட்கலாம். கிரானுக்கு மணி பார்க்கத் தெரியும், கோப்பு வந்துவிட்டதா என்று தானாகப் பார்க்கத் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கு முடிய மூன்று மணி ஆகிவிட்டால், கிரான் நேற்றைய கோப்பை வைத்தே இன்றைய அறிக்கையைப் போட்டுவிடும். பிழைச் செய்தி கூட வராது!

இதற்குத்தான் ஏஜென்ட். லினக்ஸிலோ விண்டோஸிலோ நிறுவும் சின்ன மென்பொருள். மெயின்ஃப்ரேமிலிருந்து கட்டளை வந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டி, முடிவைத் திருப்பிச் சொல்லும். நிறுவுவது பெரிய வித்தை இல்லை. ஷெட்யூலரின் முகவரி, இரண்டு பக்கப் போர்ட் எண்கள், ஏஜென்டின் பெயர், மறையாக்கச் சாவி இவற்றைக் கொடுக்க வேண்டும். ஃபயர்வாலை இரண்டு திசையிலும் திறக்க வேண்டியிருக்கலாம். கட்டளை போய்ச் சேர்ந்து பதில் வராவிட்டால், முடிந்த வேலை ஷெட்யூலர் கண்ணுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, எந்தப் பயனர் பெயரில் ஓடுவது? ரூட்டாக ஓடினால் ஏஜென்ட் எந்தப் பயனராகவும் மாறி வேலை செய்யும். வசதிதான். ஆனால் ஷெட்யூலரில் வேலை எழுத முடிந்தவர் எல்லாம் அந்த சர்வருக்கே ராஜா ஆகிவிடுவார். யார் எந்தப் பெயரில் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. நாம் லாகின் செய்யும்போது கிடைக்கும் பாத், சூழல் மாறிகள் ஏஜென்டுக்கும் கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் ஏஜென்டிடம் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ரிட்டர்ன் கோட். மெயின்ஃப்ரேம் வழக்கத்தில் 0 என்றால் சரி, 4 என்றால் எச்சரிக்கை, 8-உம் அதற்கு மேலும் என்றால் பிழை. யூனிக்ஸில் 0 மட்டும்தான் வெற்றி. அதுவும் 8 பிட் எண், 0 முதல் 255 வரைதான். ஒரு நிரல் 256 என்று சொல்லி வெளியேறினால் அது 0 ஆகிவிடும். தோல்வி வெற்றியாக வேஷம் போட்டுக்கொண்டு மெயின்ஃப்ரேமுக்குப் போகும். ஷெல்லில் பைப் போட்டு எழுதினாலும் இதே கதைதான். வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் கோட் மட்டுமே வெளியே தெரியும்.

"இதற்கு இவ்வளவு அலட்டலா?" என்பவர்களுக்கு 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராத்திரி வேலைகளை ஓட்டும் ஷெட்யூலர் மென்பொருளை மேம்படுத்தினார்கள். சிக்கல் தெரிந்ததும், விளைவைச் சோதிக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். பிரிட்டனில் 65 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014 நவம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டன. அங்கே தகராறு ஏஜென்டில் இல்லை. ஆனால் வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதனால் ஏஜென்ட் பச்சை விளக்கு காட்டியதும் கை கழுவிவிடாதீர்கள். வேண்டுமென்றே தோற்கும் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்து, மெயின்ஃப்ரேமில் அடுத்த வேலை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டுமே நிறுவி முடித்ததாக அர்த்தம்.