பண்ணைக்காட்டில் ஒரு பந்து

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது தைரியமாகத்தான் இருந்தேன். கொடைக்கானல் மலைப்பாதையிலிருந்து பஸ் பிரிந்து பண்ணைக்காட்டை நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கியது. மலை வளைவுகளால் இல்லை சார்... மாமாவால்!

பத்து வருஷத்துக்கு முன் அவர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்.

ஒரு காலத்தில் காப்பிக் கொட்டையை காப்பி போர்டிடம்தான் கொடுக்க வேண்டும். 1990-களில் அது மாறி, தோட்டக்காரரே விலை பேசி விற்கலாம் என்று ஆனது. மாமாவும் ஒரு வெளியூர் பார்ட்டியிடம் பேசினார். நல்ல விலை சொல்லி மெயில் வந்தது. கடைசி வரி, 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்'.

"கோர்ட்டுங்கிறானே... பி.காம். படிச்சவன்ல, என்னன்னு பாரு மாப்ளே!"

தெரியாது என்று சொல்ல பி.காம். விடவில்லை. "கேஸ் போடுவான் போல. வக்கீலைப் பாக்காம பதில் எழுதாதீங்க மாமா!"

மாமா வக்கீலைத் தேடிய வாரத்தில், பார்ட்டி வேறு தோட்டத்தில் சரக்கு எடுத்துவிட்டார். மிச்சமானது மாமாவின் மூட்டைகளும் என் பட்டமும்தான்.

அது டென்னிஸ் கோர்ட்டாம்! பந்து உங்க பக்கம் வந்தாச்சு, இனி அடிக்க வேண்டியது நீங்க. அதாவது, முடிவு உங்க கையில்.

ஆபீஸ் நண்பர்களே, உஷார்! மேனேஜர் 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்லுங்கள். அது பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த வார்த்தை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தைக் கொட்டுவது. பள்ளியில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' மழையை இப்போது வெள்ளைக்காரர்களே அதிகம் சொல்வதில்லை. வார்த்தையைப் பிடித்துத் தொங்காமல், சொல்கிற இடத்தைப் பாருங்கள். விலை சொன்னவன் அடுத்து என்ன கேட்பான்? பதிலைத்தானே!

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவெல்லாம் மலைவாழை, களத்தில் காயும் காப்பி... ஊர் அப்படியே இருந்தது. மாமாவும்தான்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா வாத்தியாரைக் கேட்டிருப்பேன்ல மாப்ளே?"

தலை குனிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி... கை நனைச்சிட்டுப் போ" என்றார்.

இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் வெள்ளைக்காரன் குழாயைத் தேடுவான். எனக்குப் புரிந்தது. பகையிருந்தால் அந்த வீட்டில் கை நனைக்கச் சொல்லமாட்டார்கள்.

இலை முன்னால் உட்கார்ந்தேன். பந்து இப்போ என் கோர்ட்டில்!